வெண்மார்பில் ஒரு முகம்

நாள் 402 · காலை 06:40 · மிதமான மழை

ஈரப்பதம் 98. வெப்பம் 26. ஆற்று மட்டம் அளவுகம்பத்தின் பச்சை வரிக்குக் கீழே. நீள லென்ஸில் மறுபடியும் பூஞ்சை. துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டை மாற்றி, உலர்பெட்டியில் வைத்தேன். ஆற்றைக் கடக்கும் கூடையை இழுக்கும் விஞ்ச் மேடையில், தானியங்கிப் பூட்டு ஈரத்தில் சிக்கிக்கொண்டு பிடிப்பதில்லை. மேலே நிலையத்துக்கு எழுதிப் போட்டாயிற்று. பதில் இல்லை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் செண்பகவடிவு. ஊர் அம்பாசமுத்திரம். பறவைகளைப் படம் எடுப்பதும் அவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதுவதும் தொழில். இப்போது இருப்பது மாரி என்ற கோளில், மழைக்காட்டுக்குள் தூண்கள் மேல் நிற்கும் ஒரு விடுதியில். அறைகள் எல்லாம் காலி. விருந்தினர்கள் இன்னும் வரவில்லை. அவர்கள் கப்பல் வருவதற்குள் இந்தக் காட்டுப் பறவைகளைப் படம் பிடித்து ஒரு கையேடு தயாராக வேண்டும். அதற்காக என்னை ஒரு வருடத்துக்கு முன்பே இறக்கிவிட்டார்கள். மேலே சுற்றிக்கொண்டிருக்கும் நிலையத்துக்கு அலுவல் அறிக்கை தனியாகப் போகிறது. இது என் சொந்தக் குறிப்பு, இதில் வாயைக் கட்டிக்கொண்டு எழுத மாட்டேன்.

இங்கே முக்கியமான பறவை வெண்மார்பன். பெயர் வைத்தது நான். காக்கை அளவு, முதுகு கரும்பச்சை, மார்பு வெளுத்த வேட்டி மாதிரி வெள்ளை. அந்த வெள்ளையில் சில சமயம் பழுப்பு வளையங்கள் தோன்றும், பிறகு கலைந்துவிடும். தன் இறகின் நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் பறவை. முட்டையிடும் காலத்தில் வளையங்கள் அதிகம். அதை வைத்து, தனக்குப் பிடித்ததை மார்பில் காட்டுகிறது என்று கட்டுரை எழுதினேன். பூமியில் ஏற்றுக்கொண்டார்கள். 'விருப்பக் குறி' என்ற சொல்லே நான் கொடுத்ததுதான்.

போன சரக்குக் கப்பலில் இன்னோர் ஆளை அனுப்பியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. இன்பராஜ், நாகர்கோவில்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன், பூமியில் பெரிய பெயர் வாங்கியவன். மறைப்புக் கூடாரத்துக்குள் உட்காரும்போது முகத்துக்கு வலை போடமாட்டான். முறுக்கு கடிப்பான். பாட்டு வேறு. இன்று காலை வாக்கி-டாக்கியில்:

இன்பராஜ்: "யக்கா, கூட்டுக்கு முன்னால ஒரு கெளை மறைச்சிக்கிட்டு நின்னுது. லேசா வெட்டி விட்டுட்டேன். இப்ப நல்லாத் தெரியுது."

நான்: "கூட்டுப் பக்கத்துல கத்திய எடுத்தியா? ஏல, ஒனக்கு அறிவு இருக்கா?"

இன்பராஜ்: "ஒத்தக் கெளைதான யக்கா. விடுங்க."

படம் தெளிவாக வருவதற்காகக் கூட்டை மூடும் இலையை வெட்டுவது எங்கள் தொழிலில் கேவலம். எல்லோரும் அதைத் திட்டுவார்கள், பாதிப் பேர் செய்வார்கள். நான் செய்ததில்லை.


நாள் 405 · காலை 09:15 · தூறல்

ஆண் வெண்மார்பன் ஒன்று, கூட்டு மரத்தின் வடக்குக் கிளையில். மார்பில் குறி. வளையம் இல்லை. இரண்டு கண், மூக்கு, தடித்த மீசை, இடது புருவத்தில் ஒரு வெட்டு.

கேமராவில் கோளாறோ என்று இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே. ஓட்டுநர் உரிமத்தில் ஒட்டுகிற படம் அளவுக்கு, பழுப்பு நிறத்தில், இன்பராஜின் முகம்.

இன்பராஜ்: "யக்கா, பாத்தியளா? என் மூஞ்சி யக்கா. அப்படியே உரிச்சி வச்ச மாதிரி. எங்க அம்மை பாத்தா அழுதுருவா."

நான்: "பாத்தேன்."

இன்பராஜ்: "ஒங்க கட்டுரைப்படி பாத்தா இதுக்கு என்னயப் புடிச்சிப் போச்சி. அப்படித்தான?"

நான்: "மொதல்ல படத்த எடு. பெறவு பேசலாம்."

அவன் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நான் ஒரு வருடமாக அந்த மறைப்பில் உட்காருகிறேன். தும்மல் வந்தால் விழுங்கியிருக்கிறேன். இந்த ஊர் அட்டை காதுக்குப் பின்னால் கடித்துத் தொங்கியபோதும் அசையவில்லை. அதற்கெல்லாம் ஒரு வளையம்கூட எனக்கு இல்லை. முறுக்குத் தின்றவனுக்கு முழு முகம்.


அதே நாள் · மாலை 16:30

இப்போது ஆறு பறவைகள். ஆறிலும் அவன்தான். ஒன்றில் சிரிக்கிறான்.

எனக்கு வயிறு எரிகிறது. இதைச் சுற்றி வளைத்து எழுத வேண்டியதில்லை, பொறாமைதான். படிக்கிறவர் முகத்தைச் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும்.


நாள் 407 · காலை 11:00 · மழை இல்லை

மழை இல்லாத அபூர்வமான காலை. நல்ல வெளிச்சம். நான் எடுத்தவை: வாலாட்டும் சிவப்புச் சிறுகுருவி, தேன்குடிப்பான் ஜோடி, இன்பராஜ், இன்பராஜ், இன்பராஜ்.

நிலையத்திலிருந்து தாஜுன்னிசா பேசினாள். விடுதியின் பொறுப்பு அவளுடையது.

தாஜுன்னிசா: "வடிவு மேடம், இன்பராஜ் சார் அனுப்பின படம் பூமி வரைக்கும் போயிடுச்சு. ஆபீஸ்ல எல்லாரும் இதையேதான் பேசிட்டிருக்காங்க. விடுதி முகப்புல அந்தப் படத்தத்தான் போடப் போறோம்."

நான்: "நான் எடுத்தது எல்லாம்?"

தாஜுன்னிசா: "அதெல்லாமும் அருமை மேடம். கையேட்டுல உள்ள போடுறோம். உங்க கட்டுரைய வச்சுத்தான் விளம்பரமே எழுதியிருக்கோம். 'உங்களை நேசிக்கும் பறவைகள்'னு. விருந்தாளிங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க, எங்க முகத்தையும் போட்டுக்குமான்னு."

அவனுக்கு முகப்பு. எனக்கு உள்ளே. என் கட்டுரையை வைத்தே அவனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

மதியம் எனக்காகப் புளிக்குழம்பு வைத்திருந்தான். பொடியில் செய்ததுதான், ஆனாலும் நன்றாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.


நாள் 411 · காலை 07:20 · தூறல்

ஒன்று புரிந்தது. புரிந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

நான் ஒரு வருடமாக முகவலை போட்டிருக்கிறேன். பறவை மிரளக் கூடாது என்று கண்கூடத் தெரியாமல் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்தை அவை பார்த்ததே இல்லையே, பிறகு எப்படி மார்பில் போடும்? தொழில் சுத்தமாகச் செய்த பாவத்துக்கு எனக்குக் கிடைத்த பலன் இது.

வலையைக் கழற்றிவிட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். கூடாரத்தின் முன்திரையைச் சுருட்டிக் கட்டினேன். முகத்தை நன்றாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தது போல வெட்கமாகக்கூட இருந்தது.


நாள் 414 · மாலை 15:00 · மழை

மூன்று நாள் ஆயிற்று. வெண்மார்பன்கள் என்னைச் சட்டை செய்யவில்லை. ஒன்று வந்து என் லென்ஸ் மேலேயே உட்கார்ந்து இறகு கோதியது. இன்னொன்று என் காலணிக்குப் பக்கத்தில் புழு கிளறியது. ஒரு தாய் என் தலைக்கு மேல் கிளையில், எட்டிப் பிடிக்கிற தூரத்தில், கண்ணை மூடித் தூங்கியது. மார்பு எல்லாம் வெறும் வெள்ளை.

இன்பராஜ் மரத்தடிக்கு வந்தான். அவ்வளவுதான். எல்லாம் விருட்டென்று மேலே எழும்பி, கத்தி, அவன் பக்கம் மார்பைத் திருப்பின. இருபது மார்பிலும் அவன் முகம். அப்படி ஒரு வரவேற்பு.

அவனுடைய சிவப்பு மழைக்கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவனுடைய பாட்டையும் பாடிப் பார்த்தேன். ஒரு பறவை என் மடியில் எச்சமிட்டது.


நாள் 419 · காலை 08:00 · கனமழை

இன்பராஜ் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் மறைப்புக்குப் போயிருக்கிறான். இரண்டு கரைக்கும் நடுவே ஆறு. மேலே ஒரு கம்பி, அதில் தொங்கும் கூடை, விடுதிப் பக்கம் அதை இழுக்கும் விஞ்ச். விடுதி மேட்டில் இருக்கிறது, அந்த மறைப்பு தாழ்வில். நடுவழியில் கம்பிக்குச் சற்றுக் கீழேதான் வெண்மார்பன்கள் கூடு கட்டும் மரங்கள்.

பூட்டு சிக்குவதால், கூடை மேலேறி வரும்போது ஒருவர் பிரேக் கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். விட்டால் கம்பி சுற்றிய உருளை பின்னால் ஓடி, கூடை கீழே சரிந்துவிடும். அவனை அனுப்பும்போதே இதைச் சொன்னேன். நீங்க இருக்கியளே யக்கா என்று சொல்லிவிட்டு ஏறினான்.

அவன் அந்தப் பக்கம் போனது எனக்கு நல்லதாகப் போயிற்று. இந்தப் பக்கப் பறவைகளை இன்று எனக்கென்று வைத்துக்கொள்ளலாம்.


அதே நாள் · 12:40

இதை அப்படியே பதிகிறேன்.

இன்பராஜ்: "யக்கா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

நான்: "சொல்லு."

இன்பராஜ்: "இங்க ஒரு மிருகம் நிக்கி. கீரிப்புள்ள கணக்கா இருக்கு, ஆனா ஆள் நீளம். மரத்துல சரசரன்னு ஏறுது. ஒடம்பு பூரா பழுப்பு வளையம். நீங்க எழுதுனியள்லா, அதே வளையம் யக்கா."

நான்: "சரி, அதுக்கு இப்ப என்ன?"

இன்பராஜ்: "கூட்டுல கைய விட்டு முட்டய எடுத்துத் திங்கி. அதக் கண்ட ஒடனே ஒவ்வொரு பறவையும் மார்புல வளையத்தப் போட்டுக் கத்துது. மத்தது அதப் பாத்துட்டு ஓடுது. இது பிரியம் இல்ல யக்கா. இன்னாருகிட்ட சூதானமா இருங்கன்னு ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிடுது."

நான்: "பெறவு?"

இன்பராஜ்: "நா அன்னைக்கிக் கெளைய வெட்டுனேம்லா. அதான் என் மூஞ்சியப் போட்டுக்கிட்டுத் திரியுது. கொலகாரன் படத்த போலீஸ் டேசன்ல ஒட்டுவாம்லா, அந்த மாதிரி. எனக்கு இப்ப ரொம்பக் கேவலமா இருக்கு யக்கா. ஒங்களக் கண்டு அதுகளுக்குப் பயமே கெடையாது. ஒங்க தலமாட்டுல தூங்குதுல்லா."

நான்: "என் கட்டுர தப்புங்கியா?"

இன்பராஜ்: "தப்பு ரைட்டு இல்ல யக்கா. நா மேல ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீங்களே திருத்தி எழுதுங்க. ஒங்க பேருலயே வரட்டும்."

ஆறுதல் சொல்கிறானாம். பறவையை எடுத்துக்கொண்டான், முகப்பை எடுத்துக்கொண்டான், கடைசியில் ஒரு வருடம் நான் உட்கார்ந்து கண்டுபிடித்ததையும் எடுத்துக்கொண்டு, அதைத் திருத்துவதற்கு எனக்கே பிச்சை போடுகிறான். வளையம் உள்ள மிருகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் போதுமா? அது தற்செயலாக இருக்கக் கூடாதா? எனக்கு முகம் வந்துவிடப் போகிறது என்று தெரிந்ததும் முகம் வருவதையே கேவலமாக்கப் பார்க்கிறான். நான் நம்பவில்லை.


அதே நாள் · 15:25 · மழை பலம்

ஆற்று மட்டம் அளவுகம்பத்தின் சிவப்பு வரியைத் தொட்டுவிட்டது.

இன்பராஜ்: "யக்கா, மறைப்புக்குள்ள தண்ணி வந்துட்டு. கூடைல ஏறிட்டேன். இழுங்க."

நான்: "இரு. வாரேன்."

விஞ்ச் மேடைக்குப் போகிறேன். கேமரா கழுத்தில்.


நாள் 420 · நேரம் பார்க்கவில்லை

இன்பராஜ் செத்துப்போனான்.

வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

மோட்டாரைப் போட்டேன். இரண்டு கையாலும் பிரேக் கம்பியை அழுத்திக்கொண்டேன். கூடை மழைக்குள்ளிருந்து ஏறி வந்தது. பாதி வழி தாண்டி, கூட்டு மரங்களுக்கு நேர் மேலே. அவன் கையை ஆட்டினான். சிவப்புக் கோட்டு.

அப்போது ஒரு பெண் வெண்மார்பன் பறந்து வந்து மேடைக் கைப்பிடியில், எனக்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்தது. நனைந்திருந்தது. மார்பில் அவன் முகம். என் பக்கம் வந்து உட்கார்ந்ததும் அந்த முகம் கலைய ஆரம்பித்தது. மீசை போயிற்று, புருவம் போயிற்று, கண் கடைசியாகப் போயிற்று. முழு வெள்ளை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் வலை இல்லாமல் அதைப் பார்த்தேன்.

அவனை அழித்துவிட்டது, இனி என்னை எழுதப்போகிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கை தானாகக் கேமராவுக்குப் போய்விட்டது என்று முதலில் எழுதினேன். அதை அடித்துவிட்டேன். கை தானாக எங்கும் போகாது. பிரேக்கை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஷட்டர் நேரம்தானே, உருளை வேகம் பிடிப்பதற்குள் மறுபடியும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கூடையில் யார் இருக்கிறார் என்பதும் தெரியும். அந்த நேரத்தில் அவன் எனக்குப் பெரிதாகப் படவில்லை. படம் பெரிதாகப் பட்டது. நான்தான் கையை எடுத்தேன்.

இரண்டு எடுத்தேன்.

உருளை திரும்பிச் சுற்றியது. பிடிக்கப் போனேன். பிரேக் கம்பி என் முழங்கையில் அடித்துத் தூக்கி எறிந்தது.

இன்பராஜ்: "யக்கா, பிரேக்கு. யக்கா, பிரேக்கப் புடிங்க."

இன்பராஜ்: "யக்கா."

பிறகு சத்தம் மட்டும்.

கூடையின் கம்பி உருளையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. கூட்டு மரங்களின் உச்சியை வாரிக்கொண்டு போனது. கூடுகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. முட்டைகள் விழுந்தன. கூடை ஆற்றில் விழுந்து, ஒரு தடவை மேலே வந்து, வளைவில் மறைந்தது. சிவப்பு எதுவும் தெரியவில்லை.

அந்தப் பறவை மட்டும் கைப்பிடியை விட்டுப் பறக்கவில்லை. உருளை அந்த அலறு அலறியும் பறக்கவில்லை. தன் மரங்களைத் திரும்பிப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. மார்பில் பழுப்பு ஏறியது. முதலில் இரண்டு வட்டம், மூக்குக்கண்ணாடி. பிறகு மூக்கு. பிறகு வாய், திறந்த வாய்.

நான் படம் எடுத்தேன்.

எடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மூச்சு நேரம். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன்?


நாள் 421 · காலை 10:00 · மழை

கரையோரம் வளைவு வரைக்கும் நடந்தேன். கூடை கிடைத்தது, வேர்களில் சிக்கியிருந்தது. அவன் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். ஏல இன்பராசு, ஏல இன்பராசு என்று. தொண்டை கட்டிவிட்டது.

என் தலைக்கு மேல் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு கூடவே வந்தன. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.


நாள் 422 · 11:30

தானியங்கிப் பூட்டு பழுதானதால் விபத்து என்று அறிக்கை அனுப்பினேன். பூட்டு பழுது என்று முன்பே எழுதியிருந்தேன், அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேமராவில் எடுக்கும் படம் தானாகவே மேலே போய்விடும் என்பதை மறந்துவிட்டேன்.

தாஜுன்னிசா: "மேடம், என்ன சொல்றதுன்னே தெரியல. இன்பராஜ் சார் போன வாரம்கூட என்கிட்ட பேசினாரு. உங்களப் பத்தியேதான் சொல்லிட்டிருந்தாரு. அக்கா மாதிரி பொறுமையா உக்கார என்னால ஆகாதுன்னு."

தாஜுன்னிசா: "நீங்க அனுப்பின படத்தப் பாத்துட்டு இங்க எல்லாரும் அழுதுட்டோம் மேடம். அவர் போன அந்த நிமிஷமே அந்தப் பறவை உங்க முகத்தப் போட்டுக்கிட்டு ஆறுதல் சொல்லியிருக்கு. மனுஷனே செய்யமாட்டான். முகப்புல இனி இந்தப் படம்தான். இன்பராஜ் சார் பேரையும் கீழ போடுறோம்."

நான்: "போட வேண்டாம்."

தாஜுன்னிசா: "உங்க அடக்கம் எங்களுக்குத் தெரியும் மேடம். ஆனா மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. வாழ்த்துன்னு சொல்லக்கூட வாய் வரல, ஆனாலும் சொல்லிடுறேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அது ஆறுதல் இல்லை தாஜு, அது போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டுகிற படம் என்று ஒரு வரி போதும். வாயைத் திறந்தேன். வணக்கம் சொல்லி வைத்துவிட்டேன்.


நாள் 430 · காலை · மழை

வளைய மிருகத்தை நானும் பார்த்தேன். விடுதிப் படிக்கட்டுக்குக் கீழேயே வந்தது. வெண்மார்பன்கள் மார்பில் வளையம் போட்டுக் கத்தின. நான் கதவைத் திறந்தேன். வளையம் எல்லாம் மறைந்து என் முகம் வந்தது. அந்த மிருகம் மரத்தடியில் நிற்கும்போதே, அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக்கொண்டு கத்தின.

இன்பராஜ் சொன்னது சரி. நூற்றுக்கு நூறு சரி.


நாள் 433

முகவலையை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பலன் இல்லை. நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுகின்றன. அவன் அறையில் இருந்த மாற்றுக் கோட்டைப் போட்டேன். பலன் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். வெளியே கிளை கிளையாக நான் நின்றேன்.

லென்ஸ் மேல் உட்கார்ந்து இறகு கோதிய பறவை எது என்று தெரியும், காலில் ஒரு விரல் குறைவு. அதுவும்.

அப்போது வெள்ளையாக இருந்தது எனக்காகத்தான். அத்தனை நாளும் எனக்குக் கொடுத்ததை நான் வாங்கவே இல்லை. அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். யாரைப் பார்த்து, எதற்காக என்று இப்போது நினைத்தால், ஐயோ.


நாள் 441 · மாலை

தாஜுன்னிசா: "மேடம், கப்பல் கிளம்பிடுச்சு. விருந்தாளிங்க முப்பது பேரு. எல்லாரும் உங்களப் பாக்கணும்னுதான் வர்றாங்க. பறவைங்க நேசிக்கிற அம்மான்னே பேரு ஆயிடுச்சு உங்களுக்கு."

வேறு பறவைகளும் இந்தப் பக்கம் வருவதில்லை. தேன்குடிப்பான், சிறுகுருவி, எதுவும். வெண்மார்பன் கத்தினால் அவையும் ஓடுகின்றன. கையேட்டுக்குப் புதுப் படம் ஒன்றும் இல்லை. என்னைத் தவிர.

நான் கப்பலை எதிர்கொண்டு நிஜத்தைச் சொல்லலாம். சொல்லுவேன் என்று காலையில் நினைக்கிறேன். மாலையில், வந்தவர்கள் வியந்து பார்ப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பாருங்கள், இன்னும் போகவில்லை அந்தக் குணம்.


நாள் 449 · காலை 06:10 · தூறல்

விடுதிப் பக்கம் ஒரே ஒரு கூடு தப்பியது. கம்பி அறுந்த மறுநாள் தாய் அதில் ஒரு முட்டை இட்டது. நான் போனால் தாய் எழுந்து ஓடிவிடும் என்பதால், தூரத்திலிருந்து இயக்கும் சின்னக் கேமரா ஒன்றைக் கோலின் நுனியில் கட்டிக் கூட்டுக்கு மேல் வைத்திருந்தேன். இருபது நாளாக அதன் பக்கமே போகவில்லை.

இன்று காலை பொரித்தது. குஞ்சு சுண்டுவிரல் நீளம். இறகு ஒன்றுகூட இல்லை. இளஞ்சிவப்புத் தோல். இரண்டு கண்ணும் தோலால் மூடி ஒட்டியிருக்கின்றன, திறக்க இன்னும் நாளாகும்.

தாய் இரைக்குப் போனது. குஞ்சு புரண்டு மல்லாந்தது.

மார்பில் பழுப்பாக ஏதோ. அழுக்கு என்று நினைத்தேன். பெரிதாக்கினேன்.

இரண்டு வட்டம். மூக்கு. திறந்த வாய்.

மறுபடியும் பெரிதாக்கினேன். நான்தான்.

இது என்னை இன்னும் பார்க்கவே இல்லை.